பெரும்பாடும் அறுவை மருத்துவமும்

மகளிர்க்கு மாதந்தோறும் உண்டாகும் குருதிப்போக்கு அளவு கடந்து பெருகுமாயின், அந்நோயைப் 'பெரும்பாடு' என்று தமிழ் மருத்துவம் வழங்கும். பாடு என்னும் சொல்லுக்குத் துன்பம் என்பது ஒரு பொருள். 'அவள் பட்ட பாடு கொஞ்சமா?' என்று இன்றும் நாம் பேசுகிறோம். நோயின் பெயரைக் கேட்ட அளவிலேயே அதனால் விளையும் வருத்தமும் நினைவுக்கு வருமாறு இச்சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது.

பெயர் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும், நம் இல்லங்களில் இந்நோயைப் பற்றிய பேச்சு மட்டும் அடங்கியே இருந்து வந்திருக்கிறது. மக்களைப் பெற்று வளர்த்து, நாற்பது வயதை எட்டிய தாய்மார் பலர், மாதத்தில் ஏழெட்டு நாள் குருதி இழந்து, முகம் வெளுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் நிலையிலும், 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பர். மகளிடமும் சொல்லார், கணவரிடமும் சொல்லார். இறுதியில் மருத்துவரிடம் செல்லும்போது, 'கருப்பையை எடுத்துவிடலாம்' என்னும் சொல் காதில் விழுகிறது. அச்சொல் எங்கிருந்து வந்தது? அறுவை மருத்துவம் அதனை எப்போது கற்றது? அதற்கு மாற்று உண்டா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடைகளை ஈண்டுக் காண்போம்.

மயக்க மருந்து இல்லாத காலம்

வயிற்றைத் திறந்து அறுவை செய்தால் உயிர் பிழைப்பது அரிது என்பதே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை மருத்துவர்களின் பொதுக்கருத்து. அக்கருத்தை அசைத்த நிகழ்ச்சி 1809ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டான்வில் என்னும் சிற்றூரில் நடந்தது. ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் அம்மையாரின் வயிற்றில் பெருங்கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. அவர் ஏறத்தாழ 60 மைல் தொலைவு குதிரைமேல் அமர்ந்து, எப்ரேம் மெக்டவல் என்னும் மருத்துவரின் இல்லத்தை அடைந்தார். மயக்க மருந்து என்பது அக்காலத்தில் இல்லை. அம்மையார் விழித்திருக்கவே, 25 நிமிடங்களில் சூற்பைக் கட்டி அகற்றப்பட்டது. அதன் எடை இருபத்திரண்டரை இராத்தல். இருபத்தைந்து நாட்களுக்குப் பின் அவர் வீடு திரும்பினார். மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1842இல் மறைந்தார்.

இது சூற்பையில் செய்த அறுவையே அன்றிக் கருப்பையில் செய்ததன்று. எனினும், வயிற்றைத் திறந்தபின்னும் ஒரு பெண் உயிர் வாழக்கூடும் என்னும் நம்பிக்கை இங்கேதான் பிறந்தது. அந்நம்பிக்கைக்கு மெக்டவலின் கைத்திறனைப் போன்றே, வழித்துணை நம்பிக்கையாகக் கொண்டு குதிரை ஏறிய அம்மையாரின் நெஞ்சுரமும் காரணம் என்க.

செருமனி நாட்டில், கோட்டிங்கன் நகரைச் சார்ந்த கோன்ராடு லாங்கன்பெக் என்பார் 1813இல், புற்றுநோயுற்ற ஒரு பெண்ணின் கருப்பையை வயிற்றைத் திறவாமல், பிறப்புவழியாகவே அகற்றினார். அவர் கூறியதை உடன் மருத்துவர் நம்பவில்லை, பலர் நகையாடினர். அப்பெண் 26 ஆண்டுகள் கழித்து இறந்தபோது, உடலை ஆராய்ந்து பார்த்த பின்னரே அவர் கூற்று மெய்யென விளங்கியது.

தவற்றில் பிறந்த அறுவை

வயிற்றின் வழியாகக் கருப்பையை அகற்றும் முறை திட்டமிட்டுத் தோன்றியதன்று என்பது வியப்பைத் தரும் செய்தி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் கிளே 1843இல் சூற்பைக் கட்டி என்று எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்ததோ கருப்பையில் வளர்ந்த நார்க்கட்டி. வேறு வழியின்றிக் கருப்பையை அறுத்தெடுத்தார்; அப்பெண் பிழைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1853இல், அமெரிக்காவில் நெசவாலைகள் மிகுந்த லோவல் என்னும் நகரில் வால்டர் பர்ன்ஹாம் என்பாருக்கும் அதே தவறு நேர்ந்தது. ஆயின் இம்முறை நோயாளி பிழைத்தெழுந்தார். வயிற்றின் வழியாகக் கருப்பை அகற்றப்பட்டு உயிர் பிழைத்த முதற்பெண் அவரே. அதே ஆண்டில் அதே நகரில் கில்மன் கிம்பல் என்னும் மருத்துவர், நார்க்கட்டி என்று முன்னரே அறிந்து, திட்டமிட்டு அறுவை செய்து வெற்றி கண்டார்.

எனினும், இவ்வெற்றிகளைக் கண்டு மகிழ்ந்தவர் சிலரே. அந்நாளில் இவ்வறுவைக்கு உட்பட்ட பெண்களிற் பெரும்பாலோர் மாண்டனர். குருதிப்பெருக்கும், வயிற்றினுள் பரவும் சீழும் அவர்களைக் கொண்டுபோயின. நிலைமை மாறியது கத்தியால் அன்று. கத்திக்குத் துணையாக வந்த பிற அறிவுத்துறைகளால். 1846இல் போஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையில் காட்டப்பெற்றது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைக் கையாண்டார். 1867இல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் நோய் நுழையாமற் காக்கும் முறையை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்தார். பிறர் குருதியை ஏற்றி உயிர் காப்பதற்கு அது வழி திறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெனிசிலின் பரவியது. இத்தனையும் சேர்ந்த பின்னரே கருப்பை அகற்றும் அறுவை அச்சமின்றிச் செய்யத்தக்கதாயிற்று.

முறைகளும் திருந்தின. 1900இல் பிபானென்ஸ்டீல் என்னும் செருமானியர் அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் முறையை வெளியிட்டார். தழும்பு மறைவதோடு, தையல் பிரியும் அபாயமும் குறைந்தது. தொடக்கத்தில் கருப்பையின் உடற்பகுதியை மட்டும் எடுத்துக் கழுத்துப்பகுதியை விட்டுவிடுவதே வழக்கம். எஞ்சிய கழுத்தில் பின்னாளில் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று அஞ்சியமையால், முழுவதையும் எடுக்கும் முறை வேரூன்றியது. 1929இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட்சன் அதற்கு வகுத்த ஒழுங்கு நெடுங்காலம் பாடமாக விளங்கிற்று.

அளவு மீறிய கத்தி

வாழ்வித்த கத்தியே வரம்பு மீறியதும் உண்டு. அதனைக் கூறாது விட்டால் வரலாறு நிறைவு பெறாது.

1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்பாரும், செருமனியில் ஹேகரும், இங்கிலாந்தில் லாசன் டெயிட்டும் ஒருவரை ஒருவர் அறியாமலே சூற்பைகளை அகற்றத் தொடங்கினர். சூற்பை இல்லையேல் மாதப்போக்கும் நின்றுவிடும் என்பது அவர்தம் கருத்து. கட்டியால் வரும் குருதிப்பெருக்கை நிறுத்த அது உதவியது உண்மை. ஆனால் விரைவில், நோயற்ற சூற்பைகளையும் மனக்கலக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்தென்று கருதி எடுக்கலாயினர். 'இவள் மனம் நிலையில் இல்லை' என்று பிறர் கூறிய சொல்லே பல பெண்களுக்குத் தீர்ப்பாகிவிட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் மருத்துவ உலகிலேயே எதிர்ப்பு எழுந்து, அவ்வழக்கம் ஓய்ந்தது. இளமையிற் சூற்பையை இழந்தால் எலும்பும் இதயமும் நலிவுறும் என்பதை இன்றைய மருத்துவம் நன்கறியும். ஆதலின், கருப்பையை எடுக்க நேரினும், தக்க காரணமின்றிச் சூற்பைகளை எடுப்பதில்லை.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றை இலண்டன் மருத்துவர் விக்டர் பானி கற்பித்தார். அவர்தம் மனைவிக்கு, மணமான சில ஆண்டுகளில், நார்க்கட்டியால் வந்த குருதிப்போக்கு காரணமாகக் கருப்பை அகற்றப்பட்டது. மக்கட்பேறு இல்லாமற் போயிற்று. அத்துயரை வாழ்நாள் முழுதும் சுமந்த பானி, கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் களையும் முறையை வளர்ப்பதில் முனைந்து நின்றார். குழந்தை வேண்டுவோர்க்கு ஒரு வழி, பெற்று முடித்தோர்க்கு வேறு வழி என்னும் பாகுபாடு தெளிவு பெற்றதற்கு அவர் போன்றோரின் உழைப்பு துணைநின்றது.

அமெரிக்காவில் 1961இல் நிகழ்ந்த கொடுமை ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டத்தில் உழைத்தவரும், பின்னாளில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிப் புகழ் பெற்றவருமான ஃபேனி லூ ஹேமர், சிறு கட்டியொன்றை அகற்றுவதற்காக மருத்துவமனையிற் சேர்ந்தார். அவரைக் கேளாமலே கருப்பையை அகற்றிவிட்டனர். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அவ்வாறே நேர்ந்ததை அவர் பின்னர் மேடையேறி எடுத்துரைத்தார்.

1970களின் நடுவில் அமெரிக்காவில் ஓராண்டில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டது. அத்தனை பேருக்கும் அது இன்றியமையாததா என்னும் வினாவை அந்நாட்டு மகளிரும் மருத்துவரும் எழுப்பினர். அவ்வினாவே மாற்று வழிகளைத் தேடத் தூண்டியது.

படலத்தை மட்டும் நீக்கும் வழி

மாதப்போக்கு கருப்பையின் உட்படலத்திலிருந்தே வருகிறது. அப்படலம் மாதந்தோறும் தடித்து வளர்ந்து உதிர்கிறது. அடியில் உள்ள அடுக்கிலிருந்து மீண்டும் முளைக்கிறது. படலத்தைச் சுரண்டி எடுக்கும் கருவியைப் பாரிஸ் மருத்துவர் ரெக்காமியே 1840களிலேயே அமைத்துத் தந்தார். ஆயினும், சுரண்டிய படலம் அடியடுக்கிலிருந்து மறுபடியும் வளர்ந்துவிடுவதால், அதனால் கிட்டும் பயன் சில மாதங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. இன்று அச்செயல் நோயின் காரணத்தை ஆராயப் பயன்படுமேயன்றி, பெரும்பாட்டுக்கு மருந்தாகக் கொள்ளப்படுவதில்லை.

1948இல் ஜோசப் ஆஷர்மன் என்னும் மருத்துவர், மகப்பேற்றுக்குப் பின்னோ கருச்சிதைவுக்குப் பின்னோ மிகையாகச் சுரண்டப்பெற்ற பெண்கள் சிலருக்குக் கருப்பையினுள் தழும்பு ஒட்டி, மாதப்போக்கே நின்றுவிடுவதை எடுத்துக்காட்டினார். இளம்பெண்ணுக்கு அது கேடு. ஆனால், பெற்று முடித்துப் பெரும்பாட்டால் வாடுவோர்க்கு அந்நிலையே நலமாகுமன்றோ? அடியடுக்கையும் சேர்த்து அழித்துவிட்டால் படலம் மீண்டும் வளராது என்னும் கருத்து வலுப்பெற்றது.

அதற்குக் கருப்பையின் உள்ளே கண்ணாற் காணும் வசதி வேண்டும். 1869இலேயே பான்டலியோனி என்பவர் குழலொன்றை நுழைத்து, ஒரு மூதாட்டியின் கருப்பையில் இருந்த சதைவளர்ச்சியைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் சுட்டிருந்தார். நல்ல விளக்கும் ஒளியிழையும் வந்த பின்னரே அம்முறை கைக்கு எளிதாயிற்று. 1981இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்து மருத்துவர் மில்டன் கோல்டிராத், அக்குழல் வழியாக லேசர் ஒளியைச் செலுத்திப் படலத்தைச் சுட்டு அழித்த செய்தியை வெளியிட்டார். வயிற்றில் கீறல் இல்லை. பல நாள் படுக்கை இல்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் மின்கம்பி வளையத்தால் படலத்தைச் செதுக்கும் முறையும், உருளும் மின்குண்டினால் சுடும் முறையும் தோன்றின.

அம்மூன்றும் கைதேர்ந்தவர்க்கே உரியவை. தவறினால் கருப்பைச் சுவர் துளைபடும். ஆகவே, எளிய கருவிகளை நாடினர். 1990களில், கருப்பையினுள் சிறு பலூனை வைத்து, அதனுள் நீர்மத்தை நிரப்பி, 87 பாகை வெப்பத்தில் எட்டு நிமிடம் சுடவைக்கும் முறை வந்தது. 1997இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் நுண்ணலை கொண்டு சுடும் முறையை வகுத்தனர். 2001இல் ஒப்புதல் பெற்ற மின்வலைக் கருவி இரண்டு நிமிடங்களுக்குள் வேலையை முடித்தது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இனிக் குழந்தை வேண்டாம் என்று உறுதி கொண்டவர்க்கே இது பொருந்தும். ஆனால் இது கருத்தடை அன்று. இதன்பின் கருத்தரித்தால் தாய்க்கும் கருவுக்கும் பெருந்தீங்கு நேரக்கூடும் என்பதால், கருத்தடையைத் தனியே மேற்கொள்ளல் வேண்டும். புற்றுநோய் இல்லை என்பதை முன்னரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். எல்லாருக்கும் போக்கு அறவே நின்றுவிடுவதும் இல்லை. பலர்க்குக் குறையும், சிலர்க்கு நிற்கும். இசுகாட்லாந்தில், இம்முறையை மேற்கொண்ட பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பின்னர்க் கருப்பையை அகற்றிக்கொண்டமை தெரியவந்தது.

மீண்டும் கருப்பை நீக்கம்

இதற்கிடையே கருப்பை நீக்கும் அறுவையும் எளிமை பெற்றது. 1988இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரி ரீக் என்பார், வயிற்றில் சிறு துளைகள் இட்டு, குழல்நோக்கியின் துணையால் கருப்பையை அகற்றினார். நீண்ட கீறல் ஒழிந்தது; வீடு திரும்பும் நாளும் முந்தியது. ஆனால் புதுமையிலும் இடர் உண்டு. பெரிய கட்டியைத் துளைவழியே எடுப்பதற்காக உள்ளேயே பொடியாக்கும் மின்கருவியைப் பயன்படுத்தினர். மறைந்திருக்கும் புற்று அதனால் வயிறெங்கும் பரவக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2014இல் எச்சரித்தது.

1995இல் பாரிஸ் மருத்துவர் ராவினாவும் அவர்தம் குழுவினரும், நார்க்கட்டிக்கு உணவூட்டும் குருதிக்குழாயை நுண்துகளால் அடைத்துக் கட்டியைச் சுருங்கச் செய்யும் வழியைக் காட்டினர். கத்தியே வேண்டாத வழிகளும் வளர்ந்தன. சப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்த டிரனெக்சாமிக் அமிலம், போக்கு நாட்களில் உட்கொள்ளும் மருந்தாயிற்று. ஃபின்லாந்தில் 1990இல் வழக்கிற்கு வந்த, இயக்குநீர் சுரக்கும் கருப்பை வளையம் படலத்தை மெலியச் செய்து போக்கைக் குறைத்தது.

எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஆராய்ச்சிகள் தரும் விடை ஒன்றன்று. ஃபின்லாந்தில் 236 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு வளையமும் மறு சாரார்க்குக் கருப்பை நீக்கமும் அளித்தனர். ஐந்தாண்டு முடிவில் இரு சாராரின் நல்வாழ்விலும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் வளையம் பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் அதற்குள் கருப்பையை நீக்கிக்கொண்டிருந்தனர். பிரிட்டனில் 660 பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2019இல் வெளிவந்தது. துளைவழியே கருப்பையின் உடற்பகுதியை நீக்கிக்கொண்டோரில் நூற்றுக்கு 97 பேரும், படலத்தை மட்டும் அழித்துக்கொண்டோரில் நூற்றுக்கு 87 பேரும் மனநிறைவு தெரிவித்தனர். பெரிய அறுவை உறுதியான தீர்வைத் தருகிறது. சிறிய அறுவை விரைவான நலத்தைத் தருகிறது. எதனைப் பெறுவது, எதனை விடுவது என்பதை நோயுற்றவரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அளவுகோல் யாருடையது?

சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆராய்ச்சியாளர் 1966இல், ஒரு மாதப்போக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் குருதி இழந்தால் சோகை வருவது மிகும் என்று அளந்து கூறினர். நெடுங்காலம் அவ்வெண்ணே நோயின் வரையறையாக நின்றது. ஆனால் எந்தத் தாய் அளவுக்குவளையோடு வாழ்கிறாள்? பிரிட்டனில் 2007இல் வெளியிட்ட மருத்துவ நெறிமுறை அவ்வரையறையை மாற்றியது. ஒரு பெண்ணின் உடலுக்கும் உள்ளத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் எவ்வளவு குருதிப்போக்கு இடையூறாகிறதோ, அதுவே மிகை என்று அது கூறிற்று. மில்லிலிட்டர்க் கணக்கு இருந்த இடத்தில் அவள் வாய்ச்சொல் அளவுகோலாயிற்று. இருநூறு ஆண்டு வரலாற்றில் எந்தக் கருவியின் வரவையும்விட இம்மாற்றம் பெரிது என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும், எல்லா இடத்தும் அச்சொல் கேட்கப்படுவதில்லை. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடம் 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. 82,000க்கும் மேற்பட்டோரில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். கணவனும் மனைவியுமாக ஒரே கூலியாளாகக் கணக்கிடப்படும் அத்தொழிலில், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் தண்டம் கட்ட வேண்டும். மாதப்போக்கு அவர்களுக்கு நோயாக அன்று, கூலி இழப்பாகத் தோன்றிற்று. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க வேண்டி 2013இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், மைய அரசு வகுத்த நெறிகளை மாநிலங்கள் மேற்கொள்ளுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது.

கருப்பையை நீக்குவது தீது என்று இவ்வரலாறு கூறவில்லை. குருதி வற்றி வாடிய எத்தனையோ தாய்மாரை அது எழுப்பி நடமாடவிட்டிருக்கிறது. கேளாமல் நீக்குவதும், வேறு வழிகள் உண்டென்று சொல்லாமல் நீக்குவதும், நீக்க வேண்டிய இடத்தில் 'பொறுத்துக்கொள்' என்று கூறி விடுவதுமே தீது. காரணம் யாது, வழிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் பெறுவது எது, இழப்பது எது என்று கேட்கும் உரிமை நோயுற்ற ஒவ்வொருவருக்கும் உண்டு.

கேட்பதற்கு முதலில் சொல் வேண்டும். சொல் நம்மிடம் பழமையாகவே இருக்கிறது. தமிழாசிரியர்களும் இல்லத்துப் பெரியவர்களும் நாணத்தை விடுத்து அச்சொல்லை வழங்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறைத் தாய்மார் தம் பாட்டை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை.